சட்டைப் பையில் ஒரு விழுப்புரம் டிக்கெட்

தினமும் காலையில் விழுப்புரத்துக்கு ஒரு டிக்கெட் எடுப்பேன் சார். ஆனால் போக மாட்டேன். மழைக்காலத்தில் குடையோடு கிளம்புவதுபோல அது ஒரு பழக்கம். மாலையில் கடையைச் சாத்தும்போது கிழித்துப் போட்டுவிடுவேன்.

என் பெயர் கமலக்கண்ணன். புதுச்சேரி ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆனால் சோறு போடுவது வேறு தொழில். ரயிலிலிருந்து விழுந்து செத்தவர்களின் குடும்பத்துக்கு நஷ்டஈட்டு மனு எழுதிக் கொடுப்பேன். எட்டு லட்சம் கிடைக்கும். ஆனால் பிணத்திடம் டிக்கெட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அவன் பயணியே இல்லை, தண்டவாளத்தில் திரிந்தவன் என்பார்கள். என் அப்பா விழுந்தபோது டிக்கெட் காற்றோடு போய்விட்டது. அம்மா ஏழு வருடம் அலைந்து வெறுங்கையோடு செத்தாள். அன்றைக்கு யாராவது அப்பாவின் பையில் ஒரு சீட்டைச் செருகியிருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

நான் அதைத்தான் செய்தேன். தகவல் வந்ததும் போலீசுக்கு முன்னால் போய்விடுவேன். இதுவரை பதினோரு பேர். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவன் என்று என்னைப் பேசுகிறார்கள். அந்தப் பதினோரு வீட்டிலும் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

பன்னிரண்டாவது ஆள் பஞ்சநாதன். வீராம்பட்டினத்துக்காரன், கடலுக்குப் போகிறவன். அவன் மனைவி பச்சையம்மாள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கூட்டத்தில் படியில் தொங்கிப் போனவன் வில்லியனூர் தாண்டி விழுந்துவிட்டான். பிணம் கிடக்கிறது என்று ஆடு மேய்க்கும் பக்கிரி போன் செய்தான். அவனைச் சாலையில் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் புதருக்குள் போனேன்.

டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். பை சூடாக இருந்தது. பஞ்சநாதன் கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, தண்ணி" என்றான்.

கை திரும்பத் திரும்ப இடுப்புக்குப் போனது. வலி என்று நினைத்தேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மனிதனுக்கு அப்படியில்லை. செத்தால் எட்டு லட்சம் முழுசாக வரும். இவனைப்போலக் கால் நசுங்கிப் பிழைத்தால் என்ன தேறும் என்று எனக்குத் தெரியும். மீன்கூடை சுமக்கிறவள் அவனையும் எத்தனை காலம் சுமப்பாள்? ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன், பிறகு அணைத்துவிட்டேன். பனைமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அவளுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சட்டைப் பையிலேயே டிக்கெட் கிடைத்ததால் போலீஸ் வேறெங்கும் தேடவில்லை. மனுவும் நல்லபடியாக நகர்ந்தது. விசாரணை நாளில் ரயில்வே வக்கீல் அந்த டிக்கெட்டைக் காட்டி, இது உன் புருஷனுடையதா என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தேன்.

"இது எப்படிங்க வந்துச்சு? அவுரு சட்டைப் பையில எதையும் வெக்க மாட்டாருங்க" என்றாள் பச்சையம்மாள். "வலை இழுக்கக் குனிஞ்சா கடல்ல வுழுந்துடும்னு எல்லாத்தையும் மடியிலதான் சொருவுவாரு."

பிணவறையில் கொடுத்த துணியைத் துவைக்காமல் மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். கைலியின் மடிப்பைப் பிரித்தாள். பாலிதீன் கவரில் சுற்றிய விழுப்புரம் டிக்கெட். அதே நாள், அதே காலை. முன்பே பார்த்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரே ஆளிடம் இரண்டு டிக்கெட். இரண்டுமே ஜோடனை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். இப்போதும் அவள் கூடை சுமக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அவன் மடியில் நியாயமான டிக்கெட் இருந்தது எனக்கு எப்படித் தெரியும் சார்? அவனாவது சொல்லியிருக்கலாம். அந்த முக்கால் மணி நேரமும் பேசிக்கொண்டுதானே இருந்தான்.