அங்கன்னா

மளிகைக்கடைக்காரர் அனுப்புனவர்தான நீங்க? வாங்க வாங்க. இருங்க, அதெல்லாம் அப்புறம் சொல்லலாம், மொதல்ல ரூமைப் பாருங்க. ரெண்டு ஜன்னல். கதவு முழுசா சாத்தும். அங்கன்னா இந்த அளவு ரூம்ல நாலு பேரைப் போட்டிருப்பான்.

அங்கன்னா எங்கன்னு பாக்கறீங்களா? நாங்க முன்ன இருந்த பெரிய ஊருங்க. விட்டு வந்து பதினோரு வருஷமாச்சு, என் வாய் மட்டும் இன்னும் வந்து சேரல. வீட்ல என் பேரே அங்கன்னாதான். என் வீட்டுக்காரி கூப்பிடறதே, அங்கன்னா, கேஸ் தீந்துடுச்சுன்னுதான்.

அங்க எங்களுக்கு ஒரே ரூம். எம்பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. அவங்கம்மா தையல் மெஷினை மூடுனப்புறம் அது மேல வச்சுத்தான் வீட்டுப்பாடம் எழுதுவா. அப்ப யாரோ சொன்னாங்க, இந்த ஊர்ல வாடகை பாதிதான்னு. எனக்குத் தலைகால் புரியல. நான் வேலை பாக்கற அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு இங்கயும் ஒரு கிளை இருக்கு, ஓடிப்போய் மாத்தல் கேட்டு வாங்கிட்டேன். மொத மாசச் சம்பளம் கைக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது, அதுவும் பாதி. உத்தரவுல ரெண்டாம் பக்கத்துல போட்டிருந்தான். நான் மொத பக்கத்தைப் படிச்ச சந்தோஷத்துலயே கையெழுத்துப் போட்ட ஆளு.

பண்ண தப்பை வீட்ல ஒத்துக்க முடியுமா? அதனால எதை வாங்கினாலும் ஆரம்பிச்சிடுவேன். தக்காளி இங்க இருபது, அங்கன்னா நாப்பது, ஆக இருபது மிச்சம். முடி வெட்டினா மிச்சம். முடி கொட்ட ஆரம்பிச்சதும் அதுல இன்னும் மிச்சம். சிரிங்க, பரவால்ல. நாம கார் வாங்காததுல மட்டும் எவ்வளவு மிச்சம் தெரியுமான்னு ஒருநாள் சாப்பிடறப்ப சொன்னேன். என் வீட்டுக்காரி தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா.

உக்காந்து கேட்டது எம்பொண்ணு மட்டும்தான். போன மாசம் அவளுக்குக் காலேஜ்ல சீட்டு கெடச்சுது. எங்கன்னு நெனக்கிறீங்க? அங்கதான். அப்பா, அந்த மிச்சமெல்லாம் இருக்குமே, போதுமான்னு கேட்டா. கிண்டல் இல்லீங்க, நெஜமாவே கேட்டா. நான் என்ன சொல்லுவேன்? தாராளமா போதும்மான்னுட்டேன். இந்த வாயைத் தைக்கணும், வீட்லயே மெஷினும் இருக்கு.

பீஸை எப்படியோ பொரட்டிக் கட்டிட்டேன். ஆனா விடுதில ஒரு கட்டிலுக்கு மாசாமாசம் கேக்கறான் பாருங்க, இந்த முழு வீட்டு வாடகை அது. ஆமாங்க, அதுக்குத்தான் ரூமை விடறது. இது அவளோடது. கதவு வச்ச ரூம் வேணும்னு அவ ஆசைப்பட்டுத்தான் அந்த ஊரையே விட்டோம். வந்த புதுசுல ஒரு வாரம் பூரா சாத்தறதும் தெறக்கறதுமா இருந்தா.

நாளைக்குக் காலைல பஸ் ஏத்தி விடறேன். நீங்க மத்தியானத்துக்கு மேல பெட்டியைக் கொண்டாங்க. அவளுக்கு விஷயம் தெரியாது. தெரிஞ்சா போக மாட்டேன்னு உக்காந்துக்குவா, எனக்கு அதான் பயம். கடைக்குப் போயிருக்கா, வர நேரம்தான். வந்துட்டான்னா நீங்க ஃபேன் ரிப்பேருக்கு வந்தவரு. ஒண்ணும் பேச வேணாம், மேல பாத்துக்கிட்டு நின்னா போதும்.

என்னது? கடைக்காரர் அனுப்பலையா? பின்ன? பால் கடை செவுத்துல நோட்டீஸா? நான் எங்கயும் ஒட்டலையே. குடுங்க பாப்போம். கண்ணாடி எங்க வச்சேன்... சட்டைலதான் இருக்கு.

ரூம் வாடகைக்கு. ரெண்டு ஜன்னல், நல்ல கதவு. நாளை மதியத்துலேர்ந்து. அப்பா வெலவாசி பேசுவார், மத்தபடி வீட்ல சத்தம் கெடையாது.

எம்பொண்ணு எழுத்துங்க இது.

வாடகை நான் நெனச்சதவிட ஐநூறு கூடப் போட்டிருக்கா. அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஏதோ... அங்கன்னா இந்தக் காசுக்குப் பாதிக் கட்டில்தான்.

கழுத்து வலிக்கப் போகுது, தலையை எறக்குங்க. ஃபேன் நல்லாத்தான் ஓடுது.