புது செயின் போட்ட பிறகு

மலையூரான பிரிஞ்சாங்கில், ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி கடைக்காரரிடம் சொன்னாள்:

“புது செயின் போட்டப்புறந்தாண்ணே கியர் நழுவுது. காலையில கியா பார்ம் ஏத்தத்துல ‘டக்’னு நழுவி விழுந்துட்டேன். பின்னாலயே லோரி. நல்லவேளை, பிரேக் போட்டுட்டான்.”

அவர் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“கேபிள் சரியாத்தான் இருக்கு. இந்தப் பல்லுதான் தேஞ்சு போச்சு. தேஞ்ச பல்லுல புது செயின் நிக்காதுலா.”

“மாத்துனா நழுவாதுல்ல? நாளைக்கும் அதே ஏத்தம்தாண்ணே.”

“நழுவாதும்மா.”

பல்சக்கரத்தை மாற்றிக் கொடுத்தார். எதிர்மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவள், கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றாள்.

“இன்னும் நழுவுதா?”

“இல்லண்ணே. காலுதான் நடுங்குது.”