அர்ஷத்தின் காது

கிட்டாருக்கு லாக்கிங் பிரிட்ஜ் வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள், கறுப்பா, தங்கமா என்று. நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். நிறம் எதுவாகவும் இருக்கட்டும். கிட்டார் உடம்பில் இரண்டு தடித்த திருகுகள் நிற்கின்றன. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அவற்றில் சாய்ந்துதான் ஆடுகிறது. அதிலுள்ள கைப்பிடியை அமுக்கினால் சுருதி இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். திருகுகளின் இடைவெளியும் பிரிட்ஜின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்கம் உரசும். அப்போது சுருதி முழுதாகத் திரும்பாமல் மயிரிழை கீழேயே நின்றுவிடும். கம்பிகளை மேலே பூட்டியிருப்பதால் பாட்டின் நடுவில் முறுக்கிச் சரிசெய்யவும் முடியாது.

சுவரில் மாட்டியிருக்கும் அந்தக் கிட்டாரைக் கொடுப்பீர்களா என்றும் கேட்டீர்கள். அது அர்ஷத்துக்காகச் செய்தது. பூந்தமல்லிக்காரன். பகலில் அம்பத்தூரில், இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. கச்சேரி நாட்களில் என் ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார். ஆடி மாதக் கோயில் மேடையானாலும் கல்யாண மண்டபமானாலும் விசில் அவனுக்குத்தான் வரும். நான் பக்கத்தில் நின்று ரிதம் வாசிப்பேன்.

வெளிநாடெல்லாம் போய் வருகிற பெரிய குழு ஒன்று அவனை ஆடிஷனுக்குக் கூப்பிட்டது.

"மச்சான், உன் கையால ஒண்ணு செஞ்சி குடு. பிரிட்ஜ நீயே பாத்து போடு. எனுக்கு அதப்பத்தி இன்னா தெரியும்?" என்றான்.

அவன் போய்விட்டால் ஆர்கெஸ்ட்ரா படுத்துவிடும், மற்றவர்கள் பிழைப்பு என்ன ஆவது என்று யோசித்தேன். நியாயமான கவலைதான். ஒரு பிரிட்ஜின் அளவுக்குத் துளை போட்டேன். மாட்டியது வேறொன்றை. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டு நாளில் அண்ணனூருக்கு, இந்தப் பட்டறைக்கே வந்தான்.

"கைப்பிடிய அமுக்கி உட்டா சுருதி எறங்கிடுது மச்சான். இன்னான்னு பாரு."

சுருதி காட்டும் டியூனரை வைத்துக் காட்டினேன். முள் நடுவில் நின்றது. வைப்பதற்கு முன் கைப்பிடியை மெதுவாக ஒருமுறை மேலே இழுத்துவிட்டிருந்தேன். அப்படி இழுத்தால் உரசல் விட்டு சுருதி சரியான இடத்துக்கு வந்துவிடும். அவனுக்கு அது தெரியாது.

"கிட்டாரு நல்லாத்தான் கீது. நீ பிரஸ் ஷாப்புல அந்தச் சத்தத்துல நின்னுகினு கீற. காதுதான்டா அடிவாங்கியிருக்கும்" என்றேன்.

அவன் கையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். அப்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கிட்டாரைத் துடைத்து, உறையில் போட்டு, வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆடிஷனில் பாதிப் பாட்டிலேயே சுருதி இறங்கியது. அவனுக்கு அது கேட்டிருக்கிறது. தன் காதை நம்பாமல் அப்படியே வாசித்து முடித்திருக்கிறான். "சுருதி விலகறது கூடவா உனக்குக் கேக்கல?" என்று குழுவின் தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். கிட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடமே கொடுத்துவிட்டான்.

காதுக்கு டெஸ்ட் எடுக்கப் போகிறேன் என்றான். வேண்டாம், கம்பெனிக்குத் தெரிந்தால் மெஷினை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று தடுத்தேன். அந்தப் பயம் அம்பத்தூரில் எல்லோருக்கும் உள்ளதுதான், உடனே நம்பினான். அவன் மனைவி ஃபக்ருன்னிசா ஒருநாள் பிரியாணி கொடுத்தனுப்பி, போனிலும் பேசினாள். "எல்லாரும் சும்மா புகழ்ந்தாங்க அண்ணே. நீங்க ஒருத்தர்தான் அவருக்கு உண்மைய சொன்னீங்க." அந்தப் பிரியாணியைச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிழைப்பு, ஆர்கெஸ்ட்ரா என்றெல்லாம் சொன்னேன், அதை விடுங்கள். அந்த விசிலை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். முதல்முறையாக உங்களிடம்தான் சொல்கிறேன். அவனிடமும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கச்சேரிக்கும் நினைத்துக்கொண்டுதான் போகிறேன்.

அவன் இன்னும் எங்களோடுதான் வாசிக்கிறான். தன்னுடைய பழைய கிட்டாரில், பின்வரிசையில், வெறும் ரிதம். லீட் இப்போது நான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், சுருதி சேர்ந்ததா என்று என் முகத்தைப் பார்க்கிறான். அத்தனையும் சுத்தமாகச் சேர்ந்திருக்கும். நான் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.