டோரதி மாட்டிய ஹோஸ்

— டோரதி, டிராக்டர் ரேடியேட்டர் மூடியைத் தொறக்காத! சூடா இருக்கும்.

— தொட்டுப் பாத்துட்டேங்க, ஆறிப்போச்சு. நீங்க கட்டில்லயே உக்காருங்க.

— நான் எங்க எந்திரிச்சேன்?

— ஒரு கால் செருப்புக்குள்ள போயிருச்சே... பாத்துட்டுத்தான் இருக்கேன். டாக்டர் என்ன சொன்னாரு? நெஞ்சு ஆபரேஷன், ஆறு மாசத்துக்கு ஸ்பேனரைக்கூடத் தொடக்கூடாதுன்னாரு.

— டாக்டருக்கு ஸ்பேனர்னா என்னன்னு தெரியுமா?

— இந்த அடைக்கலராஜ்னா யாருன்னு தெரிஞ்சிருக்கு. அதான் என்கிட்ட சொல்லி அனுப்பிச்சாரு.

— சரி, சரி... அடியில வாளி வெச்சியா?

— வெச்சு, ரேடியேட்டர் தண்ணி பூரா எறக்கியாச்சு. ஹோஸ் கிளாம்பைக் கழட்டுறேன்... ம்... வரமாட்டேங்குது...

— மெதுவா! திருகித் திருகி இழு. அந்த வண்டி நம்ம பையன் ஜோஸ்வினுக்கு மூத்தது.

— அவனை விட இதைத்தான் நீங்க அதிகமாக் குளிப்பாட்டியிருக்கீங்க... வந்துருச்சு! ஏங்க, ஹோஸு வாய்ப்பக்கம் வெடிச்சிருக்கு.

— எவ்வளவு தூரம்?

— ஒரு வெரக்கடை, வெரல் அகலம்தான்.

— அந்த வெரக்கடையை நறுக்கிரு. மிச்சம் நல்லாருக்கா?

— அமுக்கிப் பாத்துட்டேன். கெட்டியாத்தான் இருக்கு.

— மண்ணச்சநல்லூர் மில்லுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் தாங்குனாப் போதும். வானம் வேற மூடிட்டு நிக்குது. நனைஞ்சா அத்தனை நெல்லு மூட்டையும் மொளைச்சிரும்.

— மழை வர்றதுக்குள்ள போயிரலாங்க.

— யாரு ஓட்டுறது? டிரைவர் கலீம்தான் வரலைன்னுட்டானே.

— ...யாராச்சும் கெடைப்பாங்க. உப்புத்தாள் எங்க?

— உன் கால்கிட்ட. பைப்புல துரு போகத் தேய்.

— தேச்சாச்சு. ஹோஸையும் தள்ளிட்டேன். கிளாம்பு...

— விளிம்புல போடாத, கொஞ்சம்...

— உள்ள தள்ளிப் போடணும். தெரியும்.

— எப்படித் தெரியும்?

— முப்பது வருசமா நீங்க திட்டுறதைக் கேட்டுட்டுத்தானே இருக்கேன்.

— நான் திட்டுனது கிளாம்பை.

— சத்தம் எனக்குத்தானே கேட்டுச்சு.

— சிரிக்க வைக்காதடி... நெஞ்சு இழுக்குது.

— முறுக்கிட்டேன். கூலண்டும் ஊத்தியாச்சு. ஸ்டார்ட் பண்றேன்.

— நியூட்ரல்ல...

— இருக்கு.

— ம்... ஓடுது, ஓடுது. ஃபேனுக்குத் தள்ளி நின்னு பாரு. ஒழுகுதா?

— ஒரு சொட்டு இல்லைங்க!

— இப்பச் சொல்லாத. சூடு ஏறட்டும். அதுக்குள்ள டீ போடு.

— இந்தாங்க டீ. சர்க்கரை கிடையாது, மொறைக்காதீங்க... துணியை வெச்சுத் தொடைச்சுப் பாத்தேன். சுடுது, ஆனா ஈரமே இல்லை.

— நெசமாவா? சரி... ஏறு.

— எங்க?

— சீட்டுலதான். மூட்டை ஏத்தி டிரெய்லரும் மாட்டித்தானே இருக்கு.

— நானா? எனக்கு எங்கங்க...

— நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வாய்க்கா ஓரத்து வயலை உழுதது யாரு?

— கலீம்தான்... அப்பவே சொன்னேனே.

— கலீம் ஒட்டகம் மாதிரி உசரம். நான் வீட்டுக்கு வந்த அன்னிக்கு சீட்டு ஏன் ஸ்டியரிங்கை ஒட்டி நின்னுச்சு? சொல்லு டோரதி.

— ஆளு கெடைக்கலைங்க. வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. படுத்துட்டு இருக்கற ஆளுகிட்ட சொன்னா, பயந்து எந்திரிச்சு ஓடி வந்துருவீங்கன்னு... அப்புறம் லைசென்ஸும் எடுத்துட்டேன். பைபிளுக்குள்ள வெச்சிருக்கேன். கோவமா?

— கோவமா... இன்னிக்குக் கலீமை வரவேணாம்னு சொன்னதே நான்தாண்டி. நீ ஓட்டுறதை ஊரே பாத்துருச்சு, நான் ஒருத்தன்தான் பாக்கலை. ஏறு.