ஒலிநாடாவில் ஒரு சொல்

பக்கிஸ்: ...உன்னை எதுக்குப் போலீஸ் கூப்பிட்டுது? நீ காலேஜ்ல பாடம் நடத்துறவதானே?

கொனாரியா: முதல்ல உக்காருண்ணா. இதைக் கேக்கத்தான் மலையிலேருந்து காலியாரிப் பட்டணத்துக்கு வந்தியா?

பக்கிஸ்: தங்கச்சியைப் பாக்க வரக்கூடாதா?

கொனாரியா: என் கல்யாணத்துக்கே நீ வரல.

பக்கிஸ்: ஆடுங்களை யார் பாத்துக்கறதாம்? சரி, கூப்பிட்டு...?

கொனாரியா: டேப் போட்டாங்க. மாட்டு டாக்டரைக் கடத்தினவன் அவர் பொண்டாட்டிக்குப் பண்ண போன். பேச்சை வெச்சு அவன் எந்த ஊர்னு சொல்லணுமாம். லத்தீன் நம்ம சார்டீனியாத் தீவுல ஊருக்கு ஊர் எப்படி மாறிச்சுன்னுதானே இத்தனை வருஷமா படிக்கிறேன்.

பக்கிஸ்: அவன் இத்தாலியன்லதானே பேசினான்?

கொனாரியா: உனக்கெப்படித் தெரியும்?

பக்கிஸ்: ரே... ரேடியோல சொன்னாங்க.

கொனாரியா: ம்... அந்தம்மா அழுததும் எரிச்சல்ல நம்ம சார்டீனியப் பேச்சு வந்துடுச்சு. 'உன் ஆடு இன்னும் உசிரோடதான் இருக்கு'ன்னான். அவ புருஷனைத்தான் ஆடுன்னான். ஆடுங்கிறதுக்கு...

பக்கிஸ்: பெர்பெக்கே. எல்லாரும் சொல்றதுதானே!

கொனாரியா: எங்க எல்லாரும்? தெற்கே 'ப்ரெபெய்'ம்பாங்க. அந்தப் பழைய லத்தீன் 'க்' மலையில மட்டும்தான் மிச்சம். அதையும் நம்ம பக்கத்து நாலஞ்சு ஊர்ல தொண்டையிலயே முழுங்கிடுவோம். பெர்பெ... ஏ. அவனும் அப்படித்தான் சொன்னான். இளவட்டங்க அதையும் விட்டுட்டாங்க. உன் வயசுக்காரங்கதான் பாக்கி. ஆமா, நீ எப்பலேருந்து 'க்' சொல்ற?

பக்கிஸ்: பட்டணத்துக்காரிகிட்ட பேசறேன்ல... சிரிக்காத.

கொனாரியா: நான் சிரிக்கல.

பக்கிஸ்: எந்த ஊர்னு சொன்ன?

கொனாரியா: ஆத்துக்கு அந்தாண்ட இருக்கற ஊர்.

பக்கிஸ்: அடிப்பாவி! அங்க ஒரு அப்பனையும் மகனையும் இழுத்துட்டுப் போயிட்டாங்களே... அது உன் வேலையா?

கொனாரியா: என் வேலைதான். அவங்க ஒண்ணும் பண்ணலைன்னு எனக்கும் தெரியும். உனக்கும் தெரியும்.

பக்கிஸ்: கொனாரியா...

கொனாரியா: அப்பா போனப்புறம் என்னை வளத்த குரல் அது. அந்த ஒரு வார்த்தையே போதுமா இருந்துச்சு. தெரிஞ்சே பொய் சொன்னேன்.

பக்கிஸ்: நான் ஒருத்தன் மட்டும் இல்லம்மா அதுல...

கொனாரியா: யாரா இருந்தா எனக்கென்ன? பொய் ரொம்ப நாள் நிக்காது. இப்பவே கிளம்பு. டாக்டரை எங்கயாவது ரோட்டோரமா விட்டுடு. அந்த அப்பனும் மகனும் வெளிய வந்துடுவாங்க. விட்டுடறேன்னு சொல்லுண்ணா.

பக்கிஸ்: யாரைம்மா விடறது? அந்த போனைப் பண்ணும்போதே அவரைப் புதைச்சாச்சு.