அடுத்த ஆண்டுக்கான சீட்டுகள்

கத்தரிக்கோலை நான் எப்போதும் துணியில் சுற்றித்தான் பையில் வைப்பேன். பேருந்து நெரிசலில் யார் கையிலாவது குத்திவிடக் கூடாது. உங்கள் மேசைமேல் இருப்பது என்னுடையதுதான், இன்ஸ்பெக்டர் மேடம். நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும், பல விதமாகவும் வரும்.

எங்கள் இதழ் கற்பனை உலக விளையாட்டுக்கானது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்களில் ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். வீசிய வாள் படுமா படாதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். இவர்களுக்கு மாதாமாதம் புதுக் கதைகளும் அரக்கர்களும் வரைபடங்களும் தருவது எங்கள் வேலை.

ஆண்டின் கடைசி இதழில் ஒரு சீட்டு இருக்கும். 'அடுத்த ஆண்டு இந்த இதழில் என்ன வேண்டும்?' என்று மேலே அச்சிட்டு, கீழே எட்டுக் கோடு போட்டிருக்கும். வாசகர் அதை வெட்டி, நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும். நகல் எடுத்து அனுப்பினால் ஆசிரியர் பார்க்க மாட்டார். தன் புத்தகத்தையே வெட்டத் துணிந்தவன்தான் உண்மையான வாசகன் என்பது அவர் கட்சி. உறைகளைப் பிரித்து, சீட்டில் தேதி முத்திரை குத்தி, எண் போட்டுத் தட்டில் அடுக்குவது நான். அவர் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று விடாமல் படிப்பார். பிடித்த இருபதை எடுத்து வைத்து, எல்லாரையும் கூப்பிட்டுப் பகடையை உருட்டுவார். விழுந்த எண்ணுக்குரியவரின் ஆசை அடுத்த ஆண்டின் முதல் அட்டையில் வரும். விற்பனை மேலாளர் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. சீட்டு சொன்னால்தான் சரி.

என் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். கடிகாரம் பழுது பார்க்கிறான். அந்த வேலைக்கு வாய் தேவையில்லை. ஆனால் வாரம் ஒரு நாள் விளையாட்டு மேசைக்குப் போவான். அங்கே அவன் பேசுவான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பத்தொன்பது வயதில், சீட்டை வெட்டி எழுதினான்: திக்கிப் பேசும் மந்திரவாதி ஒருவன் கதையில் வர வேண்டும். ஆசிரியர் அதை அச்சிட்டு, கீழே பதிலும் போட்டார். 'இவர் மந்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டிராகன் இவரைச் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருக்குமே!'

நல்ல நகைச்சுவைதான். நானே சிரித்திருப்பேன், வேறு யாருடைய தம்பியாகவாவது இருந்தால். மேசையில் அவனுக்குப் 'பாதி மந்திரம்' என்று பேர் வைத்தார்கள். "பாதி மந்திரம் வந்தாச்சு, மீதிய நாளைக்குச் சொல்லும்" என்பார்களாம். மூன்று வாரம் பொறுத்தான், நாலாவது வாரம் போகவில்லை. பிறகு வீட்டிலும் பேச்சு நின்றது. தலையை ஆட்டுவான், கை காட்டுவான். எத்தனையோ நாள் அவன் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, ஒரு 'போதும்' கேட்காதா என்று கரண்டியோடு நின்றிருக்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இந்த இதழில் கடிதப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். போனேன். பழிவாங்கப் போனதாக நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அப்போது எனக்கே அது தெரியாது. முதல் நாளே என் இருமலைக் கேட்டுவிட்டு, என் மேசையைச் சன்னல் பக்கம் போடச் சொன்னவர் ஆசிரியர். மேசையின் ஒரு முனையை அவரே பிடித்துத் தூக்கினார். யார் செய்த நன்மையையும் நான் மறைப்பதில்லை.

இரண்டு ஆண்டு நேர்மையாக வேலை பார்த்தேன். அவர் ஒரு நாளாவது நினைத்துப் பார்ப்பாரா என்று காத்திருந்தேன். பிறகு ஒரு நாள் தேநீர் கொடுக்கும்போது நானே அந்தப் பதிலைச் சொல்லி, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நானா எழுதினேன்? நல்லாத்தானேம்மா இருக்கு" என்று சிரித்தார்.

அன்று மாலை கிடங்கறைக்குப் போய், விற்காமல் திரும்பி வந்த கடைசி இதழ்க் கட்டைப் பிரித்தேன். கத்தரிக்கோலுக்கு அன்றுதான் வேலை வந்தது.

முதல் ஆண்டு முப்பது சீட்டு. நீல மை, கறுப்பு மை, பென்சில், இடது கை. வசைச் சொல் ஒன்றுகூட எழுதவில்லை; எனக்கு அது வராது. திட்டினால் மனிதன் திமிறுவான், பரிதாபப்பட்டால் உட்கார்ந்துவிடுவான். அதனால் அன்பாக எழுதினேன். 'ஆசிரியர் களைத்துவிட்டார் போலிருக்கிறது, அவருக்கு ஓய்வு கொடுங்கள்.' 'ஆசிரியர் பக்கத்தை எடுத்துவிட்டால் இன்னும் இரண்டு வரைபடம் போடலாமே.' 'கடலடி நகரத் தொடர் முன்பெல்லாம் நன்றாக இருந்தது.' நான் எழுதிய ஒவ்வொன்றுக்கும் உண்மையான சீட்டு ஒன்றை எடுத்து என் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் வைத்தேன். எதையும் கிழிக்கவில்லை. பிறர் கைப்பட எழுதியதைக் கிழிப்பது பாவம்.

அவர் தம் பக்கத்தை நிறுத்தினார். அடுத்த ஆண்டு பாதிக்குப் பாதி என் சீட்டுகள். தாமே எழுதிவந்த கடலடி நகரத் தொடரையும் நிறுத்தினார். பகடை உருட்ட எங்களைக் கூப்பிடவில்லை. விற்பனை மேலாளர் அறைக்குள் போய், "புத்தகம் நல்லாத்தானே போகுது சார், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "வாங்கறான்யா. படிக்கறானா?" என்று ஆசிரியர் சொன்னது வெளியே எனக்குக் கேட்டது.

ஒரு நாள் என் மேசைக்கே வந்து நின்றார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"நீ எல்லாத்தையும் பிரிச்சுப் படிக்கறவ. நீ சொல்லும்மா. ஒருத்தனுக்குக்கூடவா என்னைப் பிடிக்கல?"

"எனக்கென்ன சார் தெரியும். வர்றத அடுக்கி வைக்கறேன்" என்றேன்.

வீட்டில் பெட்டிக்குள் நானூற்றுச் சொச்சம் பேர் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவருக்காக அன்று பிரார்த்தனை செய்தேன். பொத்தானையும் தைத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது ஆண்டு முழுத் தட்டும் என்னுடையது. அந்த ஆண்டு வந்த உண்மைச் சீட்டுகளைப் பிரிக்கும்போது, இருநூற்றுப் பன்னிரண்டாவது உறையில் தம்பியின் கையெழுத்து இருந்தது. அவன் இதழை இன்னும் வாங்குவதே எனக்குத் தெரியாது. என் கையில் கொடுத்தால் அக்கா தயவில் வந்ததாகிவிடும் என்று தபாலில் போட்டிருக்கிறான். எட்டுக் கோட்டையும் நிரப்பியிருந்தான்.

'ஒன்பது வருடத்துக்கு முன் என்னைக் கிண்டல் செய்தீர்கள். ரொம்பக் கோபமாக இருந்தது. ஆனால் அந்தக் கிண்டலிலிருந்தே ஒரு மந்திரவாதியைச் செய்துவிட்டேன். டிராகன் அவனை விழுங்கிவிடும். அவன் அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்து அவசரமில்லாமல் மந்திரத்தைச் சொல்லி முடிப்பான். அடுத்த ஆண்டு இவன் வர வேண்டும். வந்தால் நான் மறுபடி மேசைக்குப் போவேன்.'

இரண்டு முறை படித்தேன். இதைத் தட்டில் வைத்தால் அவர் பகடை உருட்டாமலே அட்டையில் போடுவார். மறுபடி எழுந்து நின்றுவிடுவார். தம்பியும் மறுபடி மேசைக்குப் போய்விடுவான். மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது. முத்திரை குத்தினேன், எண் போட்டேன், பையில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டித் திறந்தோம். நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். இதயம் என்றார் டாக்டர். மாத்திரை அட்டை மேசைமேல் இருந்தது, ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பக்கத்தில் அவர் சொந்த இதழை வெட்டி எடுத்த சீட்டு. 'அடுத்த ஆண்டு இந்த இதழ் நல்ல கைக்குப் போகட்டும்' என்று ஒரே வரி. தேதி முத்திரை என்னிடம்தான் இருந்தது. அதற்கும் குத்தி எண் போட்டேன்.

புதிய ஆண்டின் முதல் இதழை ஓவியரும் மேலாளரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். தம்பி அதைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினான். பிறகு பல வருடத்துக்கப்புறம் வாய் திறந்தான். "அ... அங்க தபால் எல்லாம் ஒழுங்கா வருதாக்கா?"

"வருதே" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

போன வாரம் கட்டிலை நகர்த்திப் பெருக்கியவன் அவன். பெட்டிக்குள் தன் சீட்டையும் பார்த்திருக்கிறான். பெட்டியைத் தோளில் வைத்து உங்களிடம் நடந்தே வந்திருக்கிறான். கடிதம் திருடியதற்குச் சட்டத்தில் இவ்வளவுதான் தண்டனை என்று நீங்கள் சொன்னீர்கள். அது குறைவு. ஆசிரியரைக் கொன்றது நான்தான். மூன்று ஆண்டு, நாளுக்கு இரண்டு தேநீரோடு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள். உங்கள் முன்னால் உட்கார்ந்து தம்பி அரை மணி நேரம் பேசினானாம். எத்தனை இடத்தில் திக்கினாலும், சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தானாம். வெளியே நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டித்தான் போனான். என் பக்கம் திரும்பவில்லை. பரவாயில்லை. இத்தனையும் நான் செய்தது அவன் மறுபடி பேச வேண்டும் என்பதற்காகத்தானே, மேடம்.