தூங்குகிறவர்களுக்கு ஓர் அறக்கட்டளை

— நாப்பது அட்டைய மேசை மேல பரப்பி வச்சு, உங்க குடும்பத்துக்கு எது முக்கியம்னு மூணு எடுங்கன்னா என்னடா அர்த்தம்? அதுக்கு ஒரு ஆலோசகர். அந்தம்மாவுக்கு ஃபிளைட் டிக்கெட் வேற.

— அக்கா, அத விளையாட்டா பாக்காத. குடும்பத்து பேர்ல ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கிறோம். நமக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம வெளியில எதக் கொடுக்கிறது? மொதல்ல அத உணரணும்.

— நான் 'ஒழுங்கு' எடுத்தேன். நீ 'ஓய்வு' எடுத்த. அப்பா, சீட்டாடத்தான் கூப்பிட்டோம்னு நெனச்சு பதிமூணு அட்டைய எடுத்து விசிறி மாதிரி பிடிச்சுக்கிட்டார்.

— அதுல ஒண்ண கீழ போட்டாருல்ல? 'இரக்கம்'. அதான் அவரோடது.

— சீட்டாட்டத்துல வேண்டாத அட்டையத்தான்டா கீழ போடுவாங்க.

— அந்தம்மா அத அப்படிப் பாக்கல. ஒழுங்கு, ஓய்வு, இரக்கம், மூணையும் சேத்துப் பாத்தா தூக்கம்னு அவங்கதான் சொன்னாங்க. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. நாப்பத்தொரு வயசுல மொத தடவையா, நான் எதுக்குப் பொறந்தேன்னு தெரிஞ்சுது.

— போன வருஷம் மலை ஏறப் பொறந்த. அதுக்கு முந்தின வருஷம் மீன் வளக்கப் பொறந்த.

— குத்திக் காட்டு, பரவாயில்ல. இது வேற. ராத்திரி வேலை பாத்து தூக்கம் கெட்டவங்களுக்குன்னே ஒரு இலவச மையம். இந்த ஊர்ல ஒருத்தரும் யோசிக்கல. நான் யோசிச்சேன்னா, நான் அத அனுபவிச்சவன்.

— நாலு ராத்திரி.

— என்ன?

— அப்பா உன்ன நம்ம லாண்டரியில ராத்திரி ஷிப்ட்டுல போட்டாரே. மொத்தமே நாலு ராத்திரி. அஞ்சாவது ராத்திரி லாண்டரி கேட்டு மேல ஏறிக் குதிச்சு ஓடிட்ட. விழா மலர்ல என்னடான்னா 'இருளோடு போராடிய ஆண்டுகள்'னு போட்டிருக்க.

— டிசம்பர் முப்பதுல இருந்து ஜனவரி ரெண்டு வரைக்கும். ரெண்டு ஆண்டு வருதுல்ல?

— உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது. சுருக்கமா சொல்லு. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. என்ன பாக்கி?

— அறுபது பேர் மனு கொடுத்திருக்காங்க. அதுல ஒரு சின்ன சங்கடம். நாப்பத்தேழு பேர் நம்ம ஆளுங்க.

— சொந்தக்காரங்களா?

— இல்லக்கா. நம்ம லாண்டரி. நம்ம ராத்திரி ஷிப்ட்டு.

— மலர்ல அந்த விவரம் வேண்டாம்.

— நானும் அதத்தான் நெனச்சேன். மையத்து டாக்டர் வேற, மனுவெல்லாம் பாத்துட்டு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கார். மருந்தே தேவையில்லையாம். ராத்திரி வேலைய நிறுத்தினாலே முக்கால்வாசிப் பேருக்கு சரியாயிடுமாம்.

— அவருக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவார். ராத்திரி வேலைய நிறுத்தினா ஆஸ்பத்திரி பெட்ஷீட்டெல்லாம் காலைல ஆறு மணிக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஆஸ்பத்திரி நம்மள விட்டுப் போனா டிரஸ்ட்ட எத வச்சு நடத்துறது? டிரஸ்ட் இல்லன்னா இந்த நாப்பத்தேழு பேர யாருடா பாத்துப்பாங்க?

— அக்கா, இப்பதான் நீ உணர ஆரம்பிச்சிருக்க.

— இரு, யாரோ கதவத் தட்டுறாங்க. யாரு? ராத்திரி ஷிப்ட்டு மேஸ்திரியா? உள்ள வாங்க. உக்காருங்க.

— வேண்டாம் மேடம். உக்காந்தா தூங்கிடுவேன். ஆறு மணிக்கு ஷிப்ட்டு முடிஞ்சதுல இருந்து வெளிய பெஞ்சுலதான் இருக்கேன். இப்ப பதினொண்ணு.

— அடடா. கூட்டம் நடந்துட்டு இருந்தது மேஸ்திரி. தூக்கத்தப் பத்தி.

— தப்பா எடுத்துக்காதீங்க, கண்ணாடி வழியா தெரிஞ்சுது. சின்னவரு சுவத்துல படம் போட்டுக் காட்டிட்டு இருந்தாரு. ஒரு கொழந்த கொட்டாவி விடுற படம். அதப் பாத்து நானும் நாலஞ்சு விட்டேன்.

— கை எப்படி இருக்கு மேஸ்திரி?

— ரெண்டு விரல் நுனி போச்சு சின்னவரே. மத்ததெல்லாம் இருக்கு. பெட்ஷீட் தேய்க்கிற சூட்டு உருளை இருக்குல்ல, துணிய உள்ள விடும்போது கண்ணு சொக்கிடுச்சு. சுட்டப்பதான் முழிச்சேன். பக்கத்துல நின்ன பொண்ணு செவப்பு பட்டன அமுக்கலேன்னா முழங்கை வரைக்கும் இழுத்திருக்கும்.

— வெள்ளிக்கிழமை இதே கட்டோட மேடைக்கு வந்துடுங்க. புதுக் கட்டு போட்டுக்க வேண்டாம், இதுதான் பாக்குறவங்க மனசுல படும். ரெண்டு நிமிஷம் பேசினா போதும்.

— எத்தன மணிக்கு?

— காலைல பத்து.

— அது நான் தூங்குற நேரமாச்சே.

— அதான்! அதத்தான் மேடையில சொல்லணும்!

— மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நான் வந்தது அதுக்கில்ல. பகல் ஷிப்ட்டு கேட்டு மூணு தடவ எழுதிக் கொடுத்துட்டேன். பதினேழு வருஷமா ராத்திரி. நான் வீட்டுக்குள்ள நுழையும்போது வீட்டுக்காரி வேலைக்குக் கிளம்புறா. வாசல்ல சாவிய கை மாத்திக்கிறோம். அவ்வளவுதான் எங்க குடும்பம். இன்னொரு தடவ கண்ணு சொக்கினா இந்தக் கையே இருக்காது மேடம்.

— மூணையும் படிச்சேன். பகல்ல ஏற்கெனவே ஒரு மேஸ்திரி இருக்காரே.

— மேஸ்திரியாத்தான் வேணும்னு இல்ல. தரை தொடைக்கிறேன். பகலா இருந்தா போதும்.

— இருக்கிற ஆளையே குறைக்கணும்னு இருக்கேன். உங்களத் திரும்ப உருளைப் பக்கம் விடவும் பயமா இருக்கு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?

— பகலும் இல்ல, ராத்திரியும் இல்லன்னா வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?

— அக்கா, நீ இரு. இத நான்தான் சொல்லணும். மேஸ்திரி, உங்கள லாண்டரியில இருந்து எடுத்துட்டோம்.

— சின்னவரே!

— பயப்படாதீங்க. எங்க மையத்துக்கு வர்றீங்க. ஏசி ரூம். மெஷின் சத்தம் கிடையாது, ஆவி கிடையாது, உருளை கிடையாது. இப்ப வாங்குற அதே சம்பளம்.

— நெசமாவா? மேடம், நெசமாத்தான் சொல்றாரா?

— நெசம்தான். காலைலதான் கையெழுத்துப் போட்டேன்.

— வீட்டுக்காரி நம்பவே மாட்டா. சின்னவரே, ஒண்ணு சொல்லட்டுமா? இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கு நீங்க லாண்டரி கேட்டு மேல ஏற முடியாம தொங்கிட்டு இருந்தீங்களே, இருட்டுல கீழ இருந்து கால் கொடுத்துத் தூக்கி விட்டது நான்தான்.

— நீங்களா அது?

— அழுதுட்டு இருந்தீங்க. பாவமா இருந்துச்சு. ஒருத்தனாவது வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்னு தூக்கி விட்டேன்.

— பாத்தியாக்கா? பாத்தியா? அன்னைக்கு அவர் கொடுத்தார், இன்னைக்கு நான் கொடுக்கிறேன். அப்பா எடுத்த அட்டை இதுதான்!

— எந்த அட்டை சின்னவரே?

— அது ஒண்ணுமில்ல மேஸ்திரி. எங்க அப்பா கீழ போட்டது. நீங்க வீட்டுக்குப் போய் நல்லா தூங்குங்க.

— இனிமே ராத்திரியில தூங்கிக்கிறேன் மேடம். அங்க எனக்கு என்ன வேலைன்னு மட்டும் சொன்னீங்கன்னா...

— சுலபமான வேலை மேஸ்திரி. தூக்கம் கெட்டவங்க வந்து படுப்பாங்க. தலையில ஒயர் ஒட்டி, அவங்க எப்படித் தூங்குறாங்கன்னு மெஷின் எழுதிக்கும். ஒயர் கழண்டா திரும்ப ஒட்டணும். அதுக்கு ஒரு ஆள் கண்ணு மூடாம பாத்துக்கிட்டே இருக்கணும். முழிச்சிருக்கிறதுல உங்களுக்கு இருக்கிற அனுபவம் இந்த ஊர்ல யாருக்கு இருக்கு? ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு.

— ராத்திரி பத்துல இருந்து.

— பகல்ல யாரு மேஸ்திரி தூங்குவா? வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சுடலாம். காலைல மேடையில பேசிட்டு அப்படியே இருந்துடுங்க.

— அன்னைக்கு ராத்திரி மொதல்ல படுக்கப் போறது யாரு?

— நான்தான். நானே படுத்துக் காட்டினாத்தான மத்தவங்களுக்கு நம்பிக்கை வரும்? ஒண்ணே ஒண்ணு, பக்கத்துல யாராவது கொட்டாவி விட்டாக்கூட எனக்கு முழிப்பு வந்துடும். பாத்துக்கங்க.

— தப்பா எடுத்துக்காதீங்க சின்னவரே. அந்த மையத்துக் கேட்டு எவ்வளவு உயரம்?